லயத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் லயத்து வீட்டில், அதாவது எஸ்டேட் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கொடுத்த வரிசை வீட்டில், இருக்கிற யாரிடமும் வாடகை ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருக்காது. அட்வான்ஸ் கிடையாது, மாத வாடகையும் கிடையாது. செக்ரோலில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் பதிவேட்டில், பேர் ஏறினால் வீடு கிடைக்கும், பேரை எடுத்துவிட்டால் வீடும் போய்விடும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படியே நடந்து வருவதால், அந்த வீட்டின் மேல் நமக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா என்று கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. "கம்பெனி வீடு, அவங்களாப் பாத்துக் குடுத்தது, நாம என்னத்தக் கேக்குறது" என்று என் அம்மாவே சொல்வார். ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவர் அவர்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனில், அரசு சேவைகளுக்கு விண்ணப்பிக்கும் ஓர் அக்ஷயா சென்டரில் வேலை பார்க்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், விதவை பென்ஷன் என்று எஸ்டேட்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும். வருகிற வேலை எதுவானாலும் பேச்சு கடைசியில் வீட்டில்தான் வந்து நிற்கும். தகரம் ஒழுகுகிறது, பின்சுவர் விரிந்துவிட்டது, அடுத்த வருஷம் பென்ஷன் ஆகிறது, அப்புறம் எங்கே போவது. கவுன்ட்டரில் நின்றுகொண்டு அவசரத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வால்பாறை, வயநாடு பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லயத்து வீடு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது கிடையாது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தோட்டத்தில் தங்கி வேலை செய்கிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுத்து, அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று சொன்னது. கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வெளியில் தங்கி வேலைக்கு வருகிறவர்கள்கூட, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்திருந்து, வீடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் உண்டு. லயத்தை ஒட்டி வீட்டுத் தோட்டம் போட நிலம் ஒதுக்குவது, தொழிலாளர்கள் குடியிருக்கிற பகுதிக்குப் பொதுமக்கள் வந்து போக வழி விடுவது, இதற்கெல்லாம் விதி வகுக்கும் அதிகாரத்தையும் அந்தச் சட்டம் மாநில அரசுக்குக் கொடுத்தது. கேரளம் 1959-ல் தன் விதிகளைக் கொண்டுவந்தது. நாம் பீன்ஸும் சவ்சவ்வும் போடுகிற அந்தத் துண்டு நிலத்தையும், நம் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து போகிற வழியையும் சட்டம் எழுதியவர்களே யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1951 சட்டம் அவற்றுக்குள் போய்விட்டது. "அப்ப வீடு இல்லையா தம்பி, சட்டத்த எடுத்துட்டாங்களாமே" என்று எங்கள் சென்டருக்கு வந்த ஒரு பெரியம்மா, பக்கத்து மேஜையில் இருந்த பையனிடம் கேட்டார். வீடு இருக்கிறது. பணிப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய தொகுப்பின் 92-ஆம் பிரிவில் தோட்டத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு, அதோடு குடிநீர், சமையலறை, கழிப்பறை என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆனால் இந்த வசதிகளை முதலாளி தன் பணத்திலும் செய்யலாம், அரசாங்கமோ பஞ்சாயத்தோ நடத்துகிற திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்று ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை அதில்தான். நாளைக்கு ஒழுகுகிற தகரத்தைக் காட்டினால் கம்பெனி பஞ்சாயத்தைக் கை காட்டும், பஞ்சாயத்து கம்பெனியைக் கை காட்டும். அந்த நாள் வருவதற்கு முன்பே நம் வீட்டின் நிலைமை எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அதைத்தான்: எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

நம் ஜனங்கள் எல்லாவற்றையும் வாய் வார்த்தையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். மஸ்டரில் நிற்கும்போது சூப்பர்வைசரிடம் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் யூனியன்காரரைப் பார்த்துச் சொல்வது. அவரும் "சரி, சொல்லிடுறேன்" என்பார். சொல்லவும் செய்வார். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே சட்டி, அதே ஒழுகல். ஒருதடவை ஓர் அக்காவுக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "எழுதிக் குடுத்தா துரை கோவிச்சுக்க மாட்டாரா பாப்பா? நாளைக்கு நல்ல காட்டுல நிறுத்தாம மோசமான காட்டுல நிறுத்திட்டா?" என்றார். அந்தப் பயம் பொய்யான பயம் இல்லை. எந்தத் தேயிலைக் காட்டில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அன்றைக்குக் கொழுந்தின் எடை. அதனால் தனியாகக் கொடுக்காதீர்கள். ஒரு லயத்தில் இருக்கிற எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். கூரை ஒரே கூரை, பின்னால் ஓடுகிற வாய்க்கால் ஒரே வாய்க்கால். மனுவும் ஒன்றாக இருப்பதுதான் முறை.

எழுத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தில் ஒருவரோ செத்தாலும் காயப்பட்டாலும் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். 1951 சட்டத்தில் 16ஏ என்ற பிரிவாக இது இருந்தது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 75-ஆம் பிரிவு. வேலை செய்யும்போது அடிபட்டால் மட்டும்தான் நஷ்டஈடு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மேல் சுவர் விழுந்தாலும் உண்டு. ஆனால் இரண்டு விலக்குகள் இருக்கின்றன. இடிந்ததற்கு முழுக்காரணமும் குடியிருந்தவரின் தவறாக இருக்கக்கூடாது. இயற்கைப் பேரிடராகவும் இருக்கக்கூடாது.

மலையில் சுவர் எப்போது விழும்? மழையில்தான் விழும். அப்போது "இயற்கைச் சீற்றம், நாங்கள் என்ன செய்ய" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். ஆனால் அந்தச் சுவர் மார்ச் மாதமே விரிந்திருந்தது, ஏப்ரலில் நாங்கள் எழுதிக் கொடுத்தோம், ஆபீஸ் முத்திரை இதோ இருக்கிறது என்று காட்ட முடிந்தால், மழை மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் நம் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய சட்டத்தில், வீடு இடிந்து ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கெடு இருந்தது. இப்போதும் அந்தக் கெடுவையே மனதில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். துக்கத்தில் இருக்கும்போது ஆறு மாதம் போவதே தெரியாது.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி எழுத முடியாது. 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. மலை சரிந்து லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. 70 பேர். சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பலர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள். கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குத் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். பெரியவாரைப் பாலம் வெள்ளத்தில் உடைந்திருந்ததால் மீட்பு வண்டிகளும் சீக்கிரம் போய்ச் சேர முடியவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்ததும் விடியாத நேரத்தில்தான்.

இதைப் படிக்கிற நீங்கள் மலைச்சரிவை ஒட்டிய லயத்தில் இருந்தால் தயவுசெய்து இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓட வழி இருக்கிறதா, இல்லை இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்து நிற்கிறதா? திட்டில் புதிதாக விரிசல் ஓடியிருக்கிறதா? நேராக நின்ற மரமோ போஸ்ட்டோ சாய்ந்திருக்கிறதா? இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா? எப்போதும் தெளிவாக வருகிற ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தாலும், நல்ல மழையில் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்துபோனாலும், மேலே எங்கோ மண் நகர்ந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நேற்று வரை சுலபமாகச் சாத்திய கதவு இன்றைக்கு இறுகிக்கொண்டால் மழைக்கு மரம் ஊதியிருக்கலாம், சுவரே நகர்ந்தும் இருக்கலாம். சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் போட்டோ எடுத்தால் அகலமும் தெரியும். இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ராத்திரி எங்கே போவது என்பதைப் பகலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஸ்கூலா, சர்ச்சா, ஃபேக்டரியா? சாவி யாரிடம் இருக்கும்? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது? ரெட் அலர்ட் அறிவித்த நாளில் மாலை நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஆட்டையும் மாட்டையும் நினைத்துப் பின்னால் தங்குகிறவர்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டுப் போங்கள், அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிஎஃப் காகிதங்கள், இந்த மனு நகல்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். பீரோவுக்குள் இருந்தால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது.

வயரிங் விஷயம் சுருக்கமாக. பழைய மரப்பட்டி வயரிங்கின் மேல் தகரத் தண்ணீர் சொட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. முதலில் எஸ்டேட் ஆபீசிலேயே எழுதிக் கொடுங்கள். கண்ணன் தேவன் பகுதியில் மின்சாரம் விநியோகிக்கும் லைசென்ஸ் கம்பெனியிடமே இருக்கிறது; மற்ற இடங்களில் கேரள மின்வாரியம். கரண்ட் புகாரை எங்கே கொடுப்பது என்று உங்கள் பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது.

லயத்து வீட்டில் சொந்தப் பணத்தைக் கொட்டாதீர்கள். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பார்க்கிறேன்: உள்ளே காலடி வைத்தால் பளபளவென்று டைல்ஸ், சுவரில் ரோஸ் பெயின்ட், பிளாஸ்டிக் சீலிங். அந்தச் சீலிங்குக்கு மேலே நூறு வருஷத்துத் தகரம், ஆணி போன ஓட்டைகளில் தார் தடவி வைத்தது. மழை வந்தால் சீலிங்கில் தண்ணீர் தேங்கி நடுவில் தொப்பையாகத் தொங்கும், பிள்ளைகள் கம்பால் குத்திவிட்டுக் கீழே வாளி வைப்பார்கள். டைல்ஸ் போட்டது தீபாவளி போனஸில், அதோடு சொசைட்டிக் கடனில். ஏன் போடுகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பெண் பார்க்க வருகிறார்கள், காலேஜில் படிக்கிற பிள்ளை கூடப் படிப்பவர்களைக் கூட்டி வர வெட்கப்படுகிறது. விறகடுப்புப் புகையில் கறுத்த சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு யாரையும் உட்காரச் சொல்ல மனசு வராது. அந்தக் கௌரவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் பென்ஷனாகி வீட்டை விடும்போது அந்த டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. யாரும் அதற்குக் காசு கொடுக்கவும் மாட்டார்கள். பெரிய ரிப்பேர் கம்பெனியின் பொறுப்பு. அதை நீங்கள் செய்தால் அவர்கள் கடமையை உங்கள் போனஸில் முடித்துக் கொடுக்கிறீர்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்களில் பணம் போடுங்கள்: நல்ல கட்டில், தண்ணீர் டாங்க், கேஸ் அடுப்பு, இரும்பு அலமாரி. அவசரத்துக்கு ரிப்பேர் செய்தே ஆகவேண்டும் என்றால், "கம்பெனி செய்து தராததால் எங்கள் செலவில் செய்கிறோம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, கடை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, சுவரை இடித்து அறையைப் பெரிதாக்குவது, பின்னால் மண்ணை வெட்டிக் குளியலறை இழுப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நாளைக்குச் சுவர் விழுந்தால் "குடியிருந்தவர் செய்த தவறு" என்ற அந்த விலக்குக்கு நாமே வழி செய்து கொடுத்ததாக ஆகும்.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது? எங்கே ஒரு மூன்று சென்ட் நம் பேரில் எழுதப்படுமோ அங்கே.

ஏனென்றால் லயத்து வீட்டின் பெரிய கஷ்டம் ஒழுகுகிற தகரம் கிடையாது. அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. அம்மா அப்பா இருவருக்கும் பென்ஷன் ஆகிவிட்டால் அந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேறு யாராவது செக்ரோலில் இருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண், அண்ணன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான் என்பதால், வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே கூடையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறாள். இப்படி என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேர். கொழுந்து எடுப்பது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன். ஒரு வீட்டுக்காக ஒரு பெண்ணின் முப்பது வருஷத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2015 செப்டம்பரில் பெண்களே திரண்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது கூலியும் போனஸும்தான் கோரிக்கை. தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய் ஆனது. பென்ஷனுக்குப் பிறகு எங்கே தங்குவது என்ற கேள்விக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் கூடவில்லை.

அதனால் பென்ஷனுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போதே தயாராகத் தொடங்குங்கள். முதலில் பேரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள். செக்ரோலில் மாரி, ஆதாரில் மாரியம்மாள், பிஎஃப்பில் மாரியம்மா என்று இருந்தால் பணம் வரும்போது மூன்று பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். நாமினி பேரைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட நாமினி இன்னும் மாறாமல் இருப்பது சாதாரணம்.

கிராஜுவிட்டிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு வருஷ சர்வீசுக்குப் பதினைந்து நாள் கூலி. பேச்சுக்குத் தினக்கூலி 400 ரூபாய், சர்வீஸ் 30 வருஷம் என்றால் 400 × 15 × 30, அதாவது 1,80,000 ரூபாய். கைக்காசு, அதிக எடை என்று கூலி ஏறி இறங்குகிறவர்களுக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியைப் பார்ப்பார்கள். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. நடைமுறையில் "வீட்டைக் காலி பண்ணு, கிராஜுவிட்டி தர்றோம்" என்பார்கள். "பணம் வந்தாத்தான் வேற வீடு பாக்க முடியும்" என்று இவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்படியே வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் அதுதான் நடந்தது. கிராஜுவிட்டியைப் பறிமுதல் செய்வதற்குச் சட்டம் சொல்கிற காரணங்களில் வீட்டைக் காலி செய்யாதது இல்லை. ஆனாலும், காலக்கெடு தாண்டித் தங்கியதற்கு வாடகையைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் சில வழக்குகளில் அனுமதித்திருக்கிறது என்பதால், இதை முழுக்க நம் பக்க நியாயம் என்று நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. பென்ஷனான அன்றைக்கே கிராஜுவிட்டிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, "பணம் கைக்கு வந்ததும் இத்தனை நாளில் வீட்டை ஒப்படைக்கிறேன்" என்று அதிலேயே எழுதிவிடுங்கள். தாமதம் யார் பக்கம் என்பது அப்போது காகிதத்தில் நிற்கும்.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், தொழிற்சாலை, தோட்டத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தாலுகா சட்டப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

கேரள அரசின் வீட்டுத் திட்டமான லைஃபில் வீடு கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ரேஷன் கார்டை. ஒரே கார்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு குடும்பமாகத்தான் கணக்கு. கல்யாணமாகித் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாலும், பேர் அப்பா கார்டில் இருந்தால் தனி வீடு கிடையாது. நிலம் இருப்பவர்களுக்கு வீடு கட்ட 4 லட்சம் ரூபாய். நமக்குத்தான் நிலமே இல்லையே, அதனால் நிலமற்றவர்கள் பட்டியலில்தான் நம் பேர் இருக்க வேண்டும். பஞ்சாயத்தில் வரைவுப் பட்டியல் ஒட்டும்போது போய்ப் பாருங்கள். பேர் இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கொடுக்கிற நாட்கள் குறைவு. இரண்டு மாநிலத்திலும் கார்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் போடியிலும் அரிசி வாங்கலாம், மூணாறிலும் வாங்கலாம். இரண்டு கார்டு பிடிபட்டால் இரண்டு பக்கமும் வீட்டுத் திட்டத்தில் பேர் போய்விடும்.

பழைய காகிதங்கள் எதையும் எரிக்காதீர்கள். தாத்தாவின் எஸ்டேட் அடையாளச் சீட்டு, பழைய சம்பளத் துண்டு, பாட்டியின் ஞானஸ்நானச் சான்று, எதுவாக இருந்தாலும் சரி. கேரளத்தில் எஸ்.சி. சான்றிதழ் கேட்கும்போது, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியிருந்ததா என்று கேட்கிறார்கள். 2021-ல் தேவிகுளம் எம்.எல்.ஏ.வாக ஜெயித்த ஏ. ராஜாவின் தேர்தலையே 2023-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வாதம் நடந்ததே குடும்பம் எப்போது மலைக்கு வந்தது என்பதைப் பற்றியும்தான். ஒரு எம்.எல்.ஏவுக்கே இந்த நிலைமை என்றால் நம் பிள்ளைகளுக்குக் காகிதம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போடி, தேவாரம், கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் போய் வருகிற அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான தோட்டங்களுக்கு நான் மேலே சொன்ன வீட்டுக் கடமை வராது. பெரிய தோட்டமாக இருந்து, நிரந்தரமாக அங்கேயே வேலை என்றால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, மனுவைத் தமிழிலேயே எழுதலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுதலாம். அரசாங்கத்திடம் குறை சொல்ல, அந்த மாநிலத்தில் பேசப்படும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை கொடுத்திருக்கிறது. மலையாளத்தில் எழுதத் தெரியவில்லை என்பதற்காக ஒரு வருஷத்தைக் கடத்தாதீர்கள். எஸ்டேட் ஆபீசுக்கு ஒன்று, பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அதன் நகல் ஒன்று. இன்ஸ்பெக்டர் கடைசியாக எப்போது உங்கள் டிவிஷன் வீடுகளைப் பார்த்தார், என்ன எழுதினார் என்பதைப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கம்பெனியிடம் அதைக் கேட்க முடியாது, அரசு அலுவலகத்திடம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் வழக்கமாக எழுதிக் கொடுப்பது இது. கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இடம், குறை, தேதி, கோரிக்கை, அவ்வளவுதான்.

"ஐயா, நாங்கள் … டிவிஷன், … நம்பர் லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர்கள். எங்கள் லயத்தின் பின்சுவரில் … தேதி முதல் விரிசல் இருக்கிறது. அது வளர்ந்து வருகிறது. பின்பக்க வாய்க்கால் அடைத்து, தண்ணீர் சுவரில் இறங்குகிறது. … வீடுகளில் கூரை ஒழுகுகிறது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறோம். மழை தொடங்குவதற்கு முன் சுவரையும் வாய்க்காலையும் சரிசெய்து தரும்படியும், அதுவரை ஆபத்தான வீடுகளில் இருப்பவர்களுக்கு மாற்று இடம் தரும்படியும் கேட்டுக்கொள்கிறோம். புகைப்படங்கள் இணைத்துள்ளோம். … தேதியில் சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகவும் தெரிவித்தோம்."

கீழே எல்லார் பேரும், செக்ரோல் நம்பரும், கையெழுத்தும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம், பக்கத்தில் பேரை எழுதிவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் வந்துவிடுங்கள். அன்றைக்கே தபால் ஆபீசில் ஸ்பீட் போஸ்ட் செய்து, அந்த ரசீதை உங்கள் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். பிரதியை லயத்தில் ஒரே வீட்டில் வைக்காமல் போனில் படம் எடுத்து எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.